வள்ளத்துக்கு எழும்பிப் போன பேராசிரியர்

நாரந்தனைப் பேராசிரியர் குமாரவேலு கொழும்பில் செத்துப்போனார் என்று வள்ளக்காரன் துறையில் இறங்கும்போதே சொன்னான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். தூரத்து உறவில் எனக்குத் தம்பி முறை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு நாலு வரி தரும்படி வீட்டார் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன்.

நோய் வருத்தங்களின் வரலாறு எழுதிப் பெரிய ஆளானவர். "மருந்தின்ர கதை டொக்டர்மாரிட்ட இல்லை அக்கா, பாயில கிடந்த சனத்திட்டத்தான் இருக்கு" என்பார். நல்ல பேச்சு. அந்தச் சனம் சொல்லி முடிக்கும்வரை இருக்கத்தான் அவருக்கு ஏலாது.

எங்கள் எழுவைதீவுக்கு ஒருமுறை குரல் பதியும் ரேப் ரெக்கோடரோடு வந்தார். இளநீர் குடித்துவிட்டு, என் அம்மா அம்மை கண்டு செத்த கதையைக் கேட்டார். வாசலில் வேப்பிலை கட்டியதைச் சொன்னேன். அம்மன் வீட்டில் நிற்கையில் அழக்கூடாது என்று எங்களைப் பெற்ற ஐயா எங்கள் வாயைப் பொத்தியதைச் சொன்னேன். சத்தமில்லாமல் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னேன். அந்த நேரம் வள்ளக்காரன் கூப்பிட்டான்.

"இரும் தம்பி, இன்னும் பாதி கிடக்கு."

"காணும் அக்கா. மிச்சத்தை நான் விளங்கிக்கொள்ளுவன்."

விளங்கிக்கொண்டார். புத்தகம் வந்ததும் மகள் வாசித்துக் காட்டினாள். தீவுச் சனம் அம்மையில் செத்தவர்களுக்கு அழுவதில்லையாம். சாவைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போனதாம். அதற்குச் சாட்சியாக என் அம்மாவின் பெயர். அந்தப் புத்தகத்துக்குத்தான் மாலையும் மேடையும்.

நயினாதீவுத் தேர்த் திருவிழாவில் ஆளைப் பிடித்தேன்.

"என்ர அம்மா அழ ஆளில்லாமல் போனவவோ?"

"அது உங்கட அம்மாவைப் பற்றினதில்லை அக்கா. சமூகத்தைப் பற்றினது."

"பேரைப் போட்டனீர்தானே! உம்மட அம்மாவின்ர பேரைப் போட்டு எழுதும் பாப்பம்."

சிரித்தார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார். பதிப்பு வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது. முன்னுரையில் எனக்கு ஒரு நன்றி கூடியிருந்தது.

இனி அவர் திருத்தமாட்டார். அவர் கேளாமல் போட்டுவிட்டுப் போன பாதிதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அவரைத் தெரிந்தவர்களே, நீங்களாவது இருந்து கேளுங்கள். அம்மாவைக் கொண்டுபோய்ச் சில நாள் கழித்து, குளிர்த்திப் பூசை செய்து அம்மனை வழியனுப்பிய அன்று ஐயா வேப்பிலையை அவிழ்த்தார். அதற்காகவே ஊர்ப் பெண்கள் விடியத் தொடங்கி வேலியோரம் நின்றிருந்தார்கள். அவிழ்த்ததும் தலையை விரித்துக்கொண்டு வந்து முற்றத்தில் விழுந்தார்கள். அவர்கள் அழுத சத்தம் கேட்டு, கடலில் நின்ற ஆண்கள் வளைத்த வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார்கள்.