வியாழக்கிழமைக்குள்

நான்காவது சுற்று முடிந்தும் எழில்மதி உட்காரவில்லை. கடற்கரைச் சாலையின் கோடியில் இருக்கும் சிமெண்டு பெஞ்சைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் அவள் கணக்கில் ஒரு சுற்று. தொட மறந்தால் அந்தச் சுற்று செல்லாது. மறுபடி போய்த் தொட்டுவிட்டு வருவாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றுக்கு அடியில். விடிகாலையில் வேகநடை போடும் பென்ஷன்காரர்களே அவளுக்கு ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அவள் கணவன் மாறன் தண்ணீர் பாட்டிலோடு பத்தடி பின்னால் வருகிறான்.

"போதும் எழில். மூச்சு வாங்குதுல்ல?"

"ஒங்களுக்குத்தான் வாங்குது. நீங்க ஒக்காருங்க."

எங்கள் எதிர் வீட்டுப் பெண். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் நிரப்பித் தருவது அவள் வேலை. ரேஷன் கார்டு, கல்லூரிச் சேர்க்கை, அரசுத் தேர்வு எல்லாம் அவள் விரலில்தான். கடைசி நாளில் ஓடி வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "இவ்ளோ நாளு என்னா பண்ணிட்டு இருந்தீங்க? கடைசி நேரத்துல சர்வர் படுத்துக்கும். அப்பறம் என்னைய சொல்லாதீங்க" என்று திட்டிக்கொண்டே எப்படியாவது அனுப்பிவைத்துவிடுவாள். என் மகனின் விண்ணப்பத்தை ஏழு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஏற்றிக் கொடுத்த புண்ணியவதி. இப்போது அதே குரலில் வயிற்றை அதட்டுகிறாள்: "தேதி வியாழக்கெழம. நீட்டிக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை மாறனுக்கு விமானம். வளைகுடாவில் ஒரு எண்ணெய் ஆலையில் வெல்டர். அடுத்த வருட விடுப்பையும் சேர்த்துக் கெஞ்சி மூன்று வாரம் வாங்கி வந்திருக்கிறான். அவன் கேட்ட தேதி வேறு, கம்பெனி கொடுத்த தேதி வேறு. டாக்டர் குறித்துக் கொடுத்த நாளோ அடுத்த செவ்வாய். நடுவில் விழுந்த ஐந்து நாள்தான் எழில்மதியை இப்படி ஓட வைக்கிறது.

"பத்து மாசம் பொறுத்தவளுக்கு அஞ்சு நாள் பொறுக்க முடியலையா?" என்று தெருவில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவள்தான். ஒருநாள் பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவளே சொன்னாள்.

"மூத்தவ பொறந்தப்ப இவரு அங்க இருந்தாருக்கா. புள்ளைய மொதமொத பாத்தது வீடியோ கால்ல. டவர் இல்லாம பாதி மூஞ்சிதான் தெரிஞ்சிச்சாம். அவளுக்குப் பதினோரு மாசம் ஆனப்ப வந்தாரு. இவரப் பாத்தாலே அலறுவா. பன்னெண்டு நாளு கிட்டயே போவலை. பதிமூணாம் நாளு தானா போயி மடியில ஒக்காந்தா. பதினஞ்சாம் நாளு இவரு கெளம்பிட்டாரு." வயிற்றைத் தடவிக்கொண்டே, "இந்தப் புள்ளையாவது மொதல்ல அவரு கைக்குப் போவணும்க்கா. அவ்ளோதான்" என்றாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆசைக்கு அளவில்லை என்றால் வைத்தியத்துக்கும் அளவில்லை. பக்கத்து வீட்டு ஷஃபீனா கொடுத்த பேரீச்சம்பழம் தினம் ஆறு. எண்ணித்தான் தின்கிறாள், ஏழாவதைத் தொடமாட்டாள். துடைப்பானை மூலையில் சாத்திவிட்டு, குந்தி உட்கார்ந்து ஈரத்துணியால் வீடு முழுக்கத் தரை துடைக்கிறாள். அந்த வீட்டுத் தரை இப்படிப் பளபளத்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் மாமியார் பூவாயி பதமான வெந்நீரை இடுப்பில் ஊற்றிவிடுகிறார். செல்போனில் ஒருத்தி சொல்லிக்கொடுக்கிறாள் என்று, பாதங்களைச் சேர்த்து வைத்து முழங்காலைப் பட்டாம்பூச்சி போல அடித்துக்கொள்கிறாள். மூத்தவள் முத்தமிழுக்கு நான்கு வயது. அவளும் எதிரே உட்கார்ந்து அடிக்கிறாள். யாரோ விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்ல, பரிசோதனைக்குப் போனபோது நர்ஸிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடமும் கேட்டுப் பார்த்தாள். ஊசி போட்டு வலியை வரவைக்க முடியாதா?

"நடக்கிறது நல்லதுதான், நடங்க. ஆனா நல்லா இருக்கிற புள்ளைய பிளைட் டைமுக்கு எழுப்ப முடியாதும்மா. அது வர்றப்பதான் வரும்."

அதைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள் ஆறு சுற்று நடந்தாள்.

வியாழன் வந்தது. விமானம் திருச்சியிலிருந்து. இரண்டு மணிக்குக் கார் வரும். வழியனுப்ப நான் பன்னிரண்டு மணிக்குப் போனபோது பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. எழில்மதி சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். இடுப்பில் பிடித்து அடிவயிற்றுக்கு இழுக்கிறதாம், பதினொரு மணியிலிருந்து. அவள் முகத்தில் வலியும் இருந்தது, வலி வந்துவிட்ட பெருமையும் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவமே" என்றான் மாறன்.

"திங்கக்கெழமயும் இப்பிடித்தான் போயி, சூட்டு வலின்னு திருப்பி அனுப்புனாங்க" என்றார் பூவாயி. சமையலறையில் சீரகம் கொதிக்கிற மணம். கொஞ்ச நேரத்தில் கஷாயத்தை ஆற்றி, டம்ளரில் கொண்டு வந்து மருமகள் கையில் கொடுத்தார். "இத குடி. சூட்டு வலின்னா அர மணி நேரத்துல அடங்கிப் போவும். புள்ள வலின்னா ஏறும். ஏறுச்சுன்னா அவன் போவ வேணாம். அடங்குச்சுன்னா கெளம்பட்டும். வேலைய விட்டுட்டு என்னா பண்றது?"

பிள்ளை பெற்ற வீடுகளில் இந்தச் சீரகக் கஷாயத்துக்கு மறுபேச்சு கிடையாது. மாறனும் தலையாட்டினான். எழில்மதி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடா இருக்கு அத்த, குடிக்கிறேன்."

கிளம்பி வரலாமா என்று கேட்டுக் கார்க்காரர் போனில் கூப்பிட்டார். மாறன் வாசலுக்குப் போய், "ஒரு அர மணி நேரம் பொறுங்கண்ணே, சொல்றேன்" என்று பேசிக்கொண்டிருந்தான். பூவாயி அடுப்பை அணைக்க உள்ளே போனார். கூடத்தில் நானும் முத்தமிழும்தான் இருந்தோம். முத்தமிழ் அப்பாவின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

எழில்மதி என்னை ஒருமுறை பார்த்தாள். கூடத்து ஓரத்தில் இருந்த வாஷ்பேசினுக்கு மெதுவாக நடந்து போனாள். டம்ளரைச் சாய்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள். சத்தம் வராமல் குழாயைச் சன்னமாகத் திறந்து, மஞ்சளாக நின்ற தண்ணீர் போகிறவரை பார்த்துவிட்டு மூடினாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, காலி டம்ளரை அண்ணாந்து வாயில் கவிழ்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.