அக்காவின் இடி

இடியைத் திருடுவது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. ஒருவர் பாடுபட்டு வைத்திருந்ததை இன்னொருவர் முந்திக்கொண்டு எடுத்தாண்டு, அவரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவது. லண்டனில் எந்தக் காலத்திலோ ஒரு நாடகக்காரர், மேடையில் இடிச் சத்தம் எழுப்பப் புது வழி கண்டுபிடித்தாராம். அவர் நாடகம் ஊற்றிக்கொண்டது. ஆனால் அடுத்தவர் நாடகத்தில் அதே இடி இடித்தது. 'என் இடியைத் திருடிவிட்டார்கள்' என்று எழுந்து நின்று கத்தினாராம். கல்லூரியில் இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் திருட்டை நான் எட்டு வயதில், ஆவடியில் செய்திருக்கிறேன்.

அக்கா அப்போது பிளஸ் டூ. நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் பொங்கல் விழாவுக்கு அவளே ஒரு நாடகம் எழுதினாள். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் மூன்று குடும்பங்கள் சண்டை போட்டு ஓய்ந்துபோன நேரத்தில், யாரும் எதிர்பாராமல் இடி இடிக்கும். அதோடு முடிவு. இடிக்காகப் பட்டாபிராம் பழைய இரும்புக் கடையில் ஆளுயரத் தகரம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். விழாவுக்கு முன் யார் காதிலும் விழக் கூடாதென்று அதைப் பாயில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். அவள் கைகாட்டும்போது ஆட்டுவது என் வேலை.

பள்ளி முடித்தால் டைப்ரைட்டிங் போதும் என்பது அப்பாவின் கட்சி. அக்காவுக்குக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. நாடகம் பார்த்த சந்தோஷத்தில் இருக்கும்போது கேட்டுவிடலாம் என்று அவரை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

எங்களுக்கு முன்னால் எதிர் பிளாக் அண்ணனின் ராஜா நாடகம். அக்கா வேஷம் போட்டுக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பின்னால் தகரத்துக்கு நான் காவல். பாதி நாடகத்தில் அட்டைக் கிரீடத்தோடு அந்த அண்ணன் வந்தார்.

"இன்னா பாப்பா இது?"

"இடி" என்றேன், பெருமை தாங்காமல்.

"எங்க ராஜா சாவும்போது ஒரு தபா உடேன். சோக்கா இருக்கும். உன்னை உட்டா யாருக்கு வரும்?"

அந்தக் கேள்வியில் விழுந்தேன். ராஜா சாய்ந்ததும் பலம்கொண்ட மட்டும் ஆட்டினேன். கைதட்டல் நிற்கவே இல்லை.

அக்காவின் நாடகத்தில் இடி இடித்தபோது, "ராஜா இன்னொரு தபா பூட்டாருடா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கல்லூரி பற்றி அக்கா அன்று வாயைத் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. ஜூனில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தாள்.

விழா முடிந்து வீடு திரும்பும்போது தகரத்தின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், மறுமுனையை நான். "தகரம்தான் நம்மகிட்டயே இருக்கேக்கா, என்ன போச்சு?" என்றேன். எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

முன்னால் நடந்த அப்பா திரும்பிப் பார்த்தார். "ஆமா, அந்தப் பசங்களுக்கு இதை யாரு குடுத்தது?"

லண்டன்காரரைப் போல அக்கா கத்தவில்லை. "நான்தாம்பா குடுக்கச் சொன்னேன்" என்றாள்.

அவள் என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை. அக்கா பொய் சொல்கிறாள் என்று அம்மாவிடம் கோள்மூட்ட, தகரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.