இவருக்குக் கொடுக்கவும்

மூன்றாவது மாடி சூப்பர்வைசருக்கு ஹோட்டலில் ‘இஸ்திரி’ என்று பட்டப்பெயர். படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது, அதில் படுக்கப்போவது வேறு யாரோ என்றாலும். லிஃப்டில் பொத்தான் அழுத்தும் வேலைக்குச் சேர்ந்து, எல்லா மாடிக்கும் எல்லாரையும் ஏற்றி இறக்கி, கடைசியில் இந்த ஒரு மாடியில் தானும் இறங்கிக்கொண்டவர். அதிர்ந்து பேச மாட்டார். பொய் பேசி யாரும் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமலே ஒரு பொய்யில் போய் உட்கார்ந்துவிட முடியும் என்பது ஐம்பத்திரண்டாவது வயதில்தான் அவருக்கே தெரியவந்தது.

அந்த மாடியில் அறை சுத்தம் செய்கிற அக்காவுக்கு ஒரு பழக்கம். அழுக்கு விரிப்பை மூட்டையில் போடுவதற்கு முன் ஒருமுறை உதறுவார். இஸ்திரிக்கு அது பிடிக்காது.

“உதறிட்டு நின்னா ரூமுக்கு ரெண்டு நிமிஷம் போகுதுக்கா. அப்படியே சுருட்டிப் போடுங்க.”

“சரிங்க சார்” என்பார் அக்கா. அடுத்த அறையில் உதறுவார்.

அப்படி உதறியதில்தான் ஒருநாள் அவரைக்கொட்டை அளவில் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. காது மிஷின். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். இஸ்திரி கண்டெடுத்த பொருள்களின் நோட்டில் எழுதி, ‘கண்டெடுத்தவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஹோட்டலில் அதுதான் வழக்கம். வேலைக்காரப் பெண்களின் கை எப்போதும் ஈரம். நோட்டை அவர்களிடம் கொடுப்பதில்லை. இதுவரை அதில் ஏறியதெல்லாம் சீப்பும் சார்ஜரும்தான். யார் எடுத்தால் என்ன?

மூன்றாம் நாள் அந்த அறையில் தங்கியிருந்த பெரியவர் திரும்பி வந்தார். மேனேஜர் இஸ்திரியைக் கீழே அழைத்தார். நோட்டைப் பார்த்து, அதிலிருந்த பெயருக்கே பெரியவர் காசோலை எழுதி வைத்திருந்தார். இஸ்திரியின் ஒரு மாதச் சம்பளம். அக்காவுக்கு அது இரண்டு மாதம்.

“ரெண்டு நாளா என் பேத்தி பேசினது ஒண்ணுமே கேக்கல தம்பி. நீங்கதான் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க” என்றார் பெரியவர். கண் கலங்கியிருந்தது.

நான் இல்லை என்ற இரண்டே சொற்கள் தொண்டை வரை வந்தன. அதற்குள் மேனேஜர் தோளில் தட்டினார். வரவேற்பில் இருந்த பெண் போட்டோ எடுத்தாள். “ஏதோ, நம்ம கடமைதானே சார்” என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்பது இஸ்திரிக்குப் படியேறும்போது உறைத்தது.

வீட்டில் மனைவி தன் தங்கைக்கு போன் போட்டுச் சொன்னாள். “உங்க மாமா மாதிரி ஒரு மனுஷன் இந்தக் காலத்துல உண்டாடி?” பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இஸ்திரி, “உப்புக் கம்மி” என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பணம் எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

“எதுக்கு சார்?”

“சும்மாதான். வச்சுக்குங்க.”

போட்டோ அறிவிப்புப் பலகையில் இருந்தது. ஆனால் காசோலை விஷயம் அக்காவுக்குத் தெரியாது. இஸ்திரி சும்மா பணம் கொடுத்த செய்தி மதியத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. “சார், சும்மாவுல எனக்கும் ஒரு பங்கு உண்டா?” என்று சலவைக்காரர் கண்ணடித்தார். அக்கா அவரை அதட்டினார்: “கேலி பண்ணாதய்யா. கேக்காம கொடுக்கிற மனசு யாருக்கு வரும்?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இஸ்திரிக்கு, சட்டைக்குள் எறும்பு புகுந்து நாலு பேர் நடுவில் சொறியவும் முடியாமல் நிற்பது போலிருந்தது.

காசோலையைத் தன் கணக்கில் போட்டு, பணமாக எடுத்து அக்காவிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அப்போதும் கொடுக்கிற கை அவருடையதாகவே இருக்கும். அக்கா மறுபடி புகழ்வார். அதை நினைத்ததுமே உடம்பு கூசியது. வங்கிக்குப் போய், கவுன்டரில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்:

“மேடம், என் பேர்ல வந்த செக்கை இன்னொருத்தர் பேருக்கு மாத்த முடியுங்களா?”

அவள் காசோலையைத் திருப்பிப் பார்த்தாள். “மூலையில ரெண்டு கோடு போட்டு ‘இவர் கணக்குக்கு மட்டும்’னு எழுதியிருந்தா முடியாது. இதுல அப்படி இல்ல. பின்பக்கம் மேல ‘இவருக்குக் கொடுக்கவும்’னு அவங்க பேரை எழுதுங்க, பாஸ்புக்ல இருக்கிற மாதிரியே. கீழ நீங்க கையெழுத்து, முன்னாடி உங்க பேர் எப்படி இருக்கோ அப்படியே. அதுக்குக் கீழ அவங்க கையெழுத்து. அவங்க கணக்குல சேர்ந்துடும். இப்பவே கையெழுத்துப் போட்டுப் பையில வச்சுக்கிட்டு அலையாதீங்க, தொலைஞ்சா வம்பு. அவங்களைக் கூட்டிட்டு வாங்க, என் முன்னாடி போடலாம்.”

கூட்டிக்கொண்டு வரவேண்டும். அதுதானே கஷ்டம்.

மறுநாள் துணி அடுக்கும் அறையில், துவாலைகளைப் பார்த்தபடியே இஸ்திரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அக்கா கையிலிருந்த தலையணை உறையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

“அப்ப அன்னிக்குக் கொடுத்தது?”

“அது... என் பணம்தான்கா.”

“நான் ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பேசினேனே சார்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இஸ்திரிக்கு.

அடுத்த நாள் காலை, வேலைக்கு முன்பு, இருவரும் வங்கிக்குப் போனார்கள். அக்கா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாஸ்புக்கை இரண்டு கையாலும் பிடித்து நின்றார். இஸ்திரி காசோலையின் பின்பக்கத்தில் எழுதினார்: ‘இவருக்குக் கொடுக்கவும்’. பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்து அக்காவின் பெயர். கீழே தன் கையெழுத்து. ஏன் கொடுக்க வேண்டும் என்று எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அக்கா நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

வங்கிப் பெண் இருவரின் அடையாள அட்டைகளையும் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “இவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?”

“கூட வேலை பார்க்கிறவங்க.”

“இவ்வளவு பெரிய தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்கிறீங்களே!” அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். “நீங்க கொடுத்து வச்சவங்கம்மா. யாருக்கு வரும் இந்த மனசு?”

அக்கா தலையைத் திருப்பி இஸ்திரியைப் பார்த்தார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“இல்லைங்க மேடம்” என்றார் இஸ்திரி. “நான் கொடுக்கல. இது அவங்களோடதுதான். ஒரு பொருளை அவங்கதான் கண்டெடுத்தாங்க. நான் என் பேரைப் போட்டுக்கிட்டேன். செக் வந்தப்பவும் சொல்லாம இருந்துட்டேன்.”

வங்கிப் பெண் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முத்திரையை எடுத்துக் குத்தினாள். வரிசையில் யாரோ இருமினார்கள். இஸ்திரிக்குக் காது மடல் வரை சுட்டது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார்; இப்போது இன்னும் ஏழெட்டுப் பேருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அக்கா பாஸ்புக்கைப் பைக்குள் வைத்தார்.

“அந்தப் பொண்ணு யாரோ எவரோ. அதுகிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது?”

இஸ்திரி தரையைப் பார்த்தார்.

பஸ் வந்தது. அக்கா முதலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“ஏறுங்க சார். மேனேஜர் பதினோரு மணிக்கு மீட்டிங் போயிடுவாரு. அதுக்குள்ள போயிடலாம்.”

அவர் ஏறினார்.