எங்கள் வானொலியின் கடைசி நேயர்

என் கணவர் இணைய வானொலிக் கம்பனி தொடங்கியபோது, எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் வீட்டு முன்னறைதான் நிலையம். சுவரெல்லாம் முட்டை அட்டை. கதவுக்குப் பின்னால் பழைய மெத்தை. மைக் திறந்திருந்தால் ஃபேன் சுற்றக் கூடாது. சம்பல் இடிக்க நான் உரலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போக வேண்டும். மீன்காரரும் வாசல் கடப்படியில் ஹோர்ன் அடிக்காமல் கைகாட்டிக் கூப்பிடுவார். சொந்த வீட்டிலேயே கள்ளியைப் போல நடமாடினேன்.

ஆனாலும் அது ஓடிய ஓட்டம் சும்மா இல்லை. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கை நேரடியாகப் போட்டால் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் எங்கள் சனம் அழுதுகொண்டே போன் எடுக்கும். சம்பளத்துக்கு அறிவிப்பாளர்கள்கூட இருந்தார்கள். எனக்கும் ஒரு வேலை தந்திருந்தார்: ஒலி ஒழுங்காகப் போகிறதா என்று குசினியில் சமைத்துக்கொண்டே போனில் போட்டுக் கேட்பது.

பிறகு கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துப் படத்தோடு காட்டத் தொடங்கினார்கள். வெறும் சத்தத்தை யார் கேட்பார்கள்? அறிவிப்பாளர்கள் விலகினார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, திரையில் நேயர் தொகை ஒன்றில் வந்து நின்றது.

அந்த ஒன்று மட்டும் அசையவேயில்லை. மட்டக்களப்பில் ஓர் அச்சகம் அவரை வேலைக்குக் கூப்பிட்டது. மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒராள் நம்பிக் கேட்டுக்கொண்டிருக்கார்கா. அவர விட்டிட்டு எப்பிடிப் போற?"

எங்கேயோ பனிக்குள் தனியாக இருக்கும் கிழவர் என்று தானாகவே முடிவு கட்டி, பழைய பாட்டாகத் தேடிப் போட்டார். எனக்கு அந்தக் கிழவர் மேல் எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒரு காலை குசினியில் இருந்த போன் சார்ஜ் இறங்கி அணைந்தது. முன்னறைக் கதவு திறந்தது.

"அவரும் போயிட்டார்கா." அவர் முகம் செத்துப்போயிருந்தது.

நான் போனைச் சார்ஜில் செருகி மறுபடி வானொலியைப் போட்டேன். உள்ளேயிருந்து கத்தினார்: "இஞ்ச, வந்திட்டார்!"

அகப்பையோடு அப்படியே நின்றேன். ஆயிரம் பேர் கேட்ட காலத்தில் என்னை யார் கணக்கில் எடுத்தது? சொன்னால் உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் கையில் வந்த வேலையும் போய்விடும். போனை எடுத்துக்கொண்டு போய் அவர் கண்முன்னால் வானொலியை நிறுத்தினேன். திரையில் பூச்சியம். திரும்பப் போட்டேன். ஒன்று.

"அந்தக் கிழவர் நான்தாங்க."

திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உனக்குச் சொல்லத்தானா இவ்வளவு காலமும் வணக்கம் நேயர்களே எண்டு கத்தினன்?"

மைக்கை மூடிவிட்டு அவரே எழுந்து ஃபேனைப் போட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அன்று சம்பலை வீட்டுக்குள்ளேயே இடித்தேன். அவர் அச்சகத்துக்குப் போன் எடுத்து, வேலைக்கு வாறன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலும். இரண்டாம் தரம் கத்திச் சொன்னார். நான் இடிப்பதை நிறுத்தவில்லை.