டிக் போடாத வரி

உப்பை அளந்து சின்னக் கிண்ணத்தில் எடுத்தாகிவிட்டது. அடுப்பில் காய்கறி தளதளவென்று கொதிக்கிறது. கொட்ட வேண்டியதுதானே? டிக்கக்கா கொட்ட மாட்டார். காதில் செருகிய பென்சிலை உருவி, உள்ளங்கை அளவு நோட்டில் எழுதுவார்: ‘கிண்ணத்து உப்பைப் பாத்திரத்தில் கொட்டப் போகிறேன்.’ வரிக்குக் கீழே ஒரு கோடு இழுப்பார். அதற்கப்புறம்தான் உப்பு பாத்திரத்துக்குள் போகும். போனதும் வரியின் ஓரத்தில் ஒரு டிக். பென்சில் மறுபடியும் காதுக்கு.

“நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் ஹோட்டல்ல சாப்பிட்டுட்டே வந்துடுவேன்” என்பார் கணவர்.

“தாராளமா போயிட்டு வாங்க. ரெண்டு தடவை உப்பு விழுந்த சாப்பாட்டுக்கு அது தேவலை.”

இந்த ஆர்ப்பாட்டத்துக்கெல்லாம் காரணம் உண்டு. டிக்கக்காவுக்கு அவ்வப்போது கரண்ட் போய்விடும். இது அவரே வைத்த பெயர். டாக்டர்கள் வைத்த பெயர் வலிப்பில் ஏதோ ஒரு வகை. நீளமானது, வாயில் நுழையாது. விழ மாட்டார், கைகால் உதறாது. செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, கையில் இருப்பதைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்துகொண்டே சிலையாகிவிடுவார். இருபது முப்பது விநாடிதான். திரும்பி வரும்போது அதற்கு முந்தைய சில நிமிடங்கள் ஈரத்துணி போட்டுத் துடைத்ததுபோல் காணாமல் போயிருக்கும். மாத்திரை சாப்பிடுகிறார். மாதத்துக்குப் பத்துத் தடவை வந்தது இப்போது மூன்று தடவை வருகிறது. “வந்துட்டேன். எங்க விட்டேன்?” என்று நோட்டைத் தேடுவார்.

பிழைப்பு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில். ஊரில் பாதிப் பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் அங்கேதான் இருக்கின்றன. ஜன்னல் இல்லாத அறை, மார்கழியே நடுங்கும் குளிர், ஓயாத மின்விசிறி இரைச்சல். அங்கே அரக்கு நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பதினெட்டு வருடமாகக் காவல் இருக்கிறார். டிக்கக்கா என்ற பெயரும் அங்கே வைத்ததுதான். மேலதிகாரிகள்கூடக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

கரண்ட் போகத் தொடங்கிய புதிதில், தினமும் நடந்ததை எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். எழுதினார். ஒரு பிரயோஜனமும் இல்லை. “பத்து மணிக்கு டீ குடிச்சேன்னு எழுதியிருக்கும். இப்ப கையில கத்திரிக்கோலோட ஜன்னல் துணி பக்கத்துல நிக்கிறேனே, எதை வெட்ட வந்தேன்? அதைச் சொல்ல நாதியில்லை.”

ஞானம் வந்தது ஒரு நாள் மத்தியானம். ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனது; மாற்றுக்கு வைத்திருந்த பாட்டரியும் கையை விரித்துவிட்டது. அத்தனை கம்ப்யூட்டரும் எழுதிக்கொண்டிருந்தபோதே அணைந்துபோயின. டிக்கக்கா யோசித்துப் பார்த்தார். சர்க்கரை அளவு எழுதியாகி, அது யாருடையது என்று எழுதுவதற்குள் மூச்சு நின்றுபோயிருந்தால்? ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்துவிடுமே! மின்சாரம் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. வேறு எந்தக் காரியத்திலும் கை வைக்காமல், முதலில் தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தது. ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஏற்பாட்டில், அதாவது ஃபைல் சிஸ்டத்தில், அதற்கென்று ஒரு மூலை உண்டு; ஜர்னல் என்பார்கள். எதைச் செய்தாலும், செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே அதில் எழுதிவிடும். முழுசாக எழுதி, முடிக்காமல் விட்டதை மறுபடி செய்தது. எழுதும்போதே அறுந்துபோனதை, நடக்கவே இல்லை என்று தள்ளிவிட்டது. ஏழு விநாடியில் எல்லாம் சரி. படித்த பாடம்தான் இது. ஆனால் கண்ணெதிரே பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது.

“அடப்பாவி, உனக்கும் இதே வியாதியா!” என்று கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்று போட்டார். அன்று சாயங்காலமே முதல் நோட்டை வாங்கினார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்கும் அதே சட்டம். கீழே கோடு இல்லாத வரி, பாதியில் அறுந்த வரி. அதை மதிக்கவே மாட்டார். கோடு இருந்து டிக் இல்லையென்றால், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி செய்வார். மறுபடி செய்தாலும் குடி முழுகாதபடிதான் எழுதியே வைத்திருப்பார். ‘ஒரு ஸ்பூன் உப்புப் போடு’ என்று எழுதினால் ஆபத்து, இரண்டாவது ஸ்பூனும் விழும். ‘கிண்ணத்தைக் கொட்டு’ என்றால், காலிக் கிண்ணத்தை எத்தனை தடவை கவிழ்த்தால் என்ன? டப்பாவில் சரக்கை நிரப்பிய பிறகுதான் பெயர்ச்சீட்டு ஒட்டுவார். ஒரு தடவை முதலில் ‘சர்க்கரை’ என்று ஒட்டிவிட்டு, நிரப்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. உள்ளே இருந்தது பழைய சோப்புத்தூள். கணவர் அன்றைக்குக் குடித்த காபியைப் பற்றி இன்றும் பேசுவார்.

பக்கம் முழுக்க டிக் விழுந்ததும் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார். நினைவாக வைத்துக்கொள்வார் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். “ஆனதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இடத்தைத்தான் அடைக்கும்.”

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தங்கமான மனிதர். ஆனால் ‘ஆச்சு’ என்ற வார்த்தையைத் தண்ணீராகச் செலவழிப்பார். மோட்டாரை நிறுத்தியாச்சா? ஆச்சு. துணியைக் காயப்போட்டாச்சா? ஆச்சு. மொட்டைமாடியில் போய்ப் பார்த்தால் கொடி வெறுமையாக இருக்கும். “வாயில ஆயிடுச்சு, கையில ஆகல” என்று டிக்கக்கா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவார். கம்ப்யூட்டரில் தகவலைச் சேமித்து வைக்கும் சில டிஸ்க்குகளும் இப்படித்தானாம். எழுதாமலே எழுதிவிட்டதாகச் சாதிக்குமாம். “அதுங்களையாவது மாத்திடலாம்” என்று கணவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே காலம் தள்ளியவருக்கு மனசில் ஒரே ஒரு முள். மேல்மாடியில் நாத்தனார் குடியிருக்கிறாள், கணவரின் தங்கை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குரல் அவளுடையது. எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் தடுமாறாத குரல். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆறு நிமிட இடைவெளியில் பெரியவன், சின்னவன். எட்டு மாதமாகிறது. டிக்கக்கா இருவரின் உள்ளங்காலையும் தொட்டுக் கொஞ்சலாம். தூக்க மட்டும் கூடாது.

திங்கட்கிழமை நாத்தனாரின் பிரசவ லீவு முடிகிறது. அவள் வேலைக்குக் கிளம்பி, அவள் புருஷன் வீடு திரும்பும் வரை நடுவில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். டிக்கக்காவுக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும், பொருத்தம் கச்சிதம். அண்ணன்காரர் போய்ப் பேசிப் பார்த்தார்.

“அண்ணி மாதிரி ஒரு நல்ல மனுஷி கிடையாதுண்ணா. ஆனா புள்ளைங்க கையில இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள யாருக்கு என்ன ஆச்சுன்னு எப்படித் தெரியும்? நான் வேற ஆளு பாத்துக்கறேன்.”

செய்தியைக் கேட்ட டிக்கக்கா, “அவ சொல்றதுல தப்பே இல்ல. நானா இருந்தாலும் யோசிப்பேன்” என்றார். பிறகு துடைத்த மேஜையையே மூன்று தடவை துடைத்தார். அதை நோட்டில் எழுதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் படிக்கட்டே அதிரும்படி ஒரு கூப்பாடு. “அண்ணா! அண்ணா!” அண்ணன் கடையில் இருந்தார். டிக்கக்காதான் ஓடினார்.

கூடத்துப் பாயில் இரண்டு பச்சைச் சட்டைகள் புரண்டுகொண்டிருந்தன. நாத்தனார் கையில் மருந்து பாட்டில், முகத்தில் ரத்தமே இல்லை. பையன்கள் இருவருக்கும் காய்ச்சல். புது பாட்டிலைத் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அழைப்பு மணி அடித்தது. பார்சல்காரனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன.

“ஒருத்தனுக்குக் குடுத்தேன் அண்ணி. மணி அடிக்கறதுக்கு முன்னாடி இன்னொருத்தனுக்கும் குடுத்தேனா, இல்ல குடுத்தவனுக்கே குடுத்தேனா? ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல. டாக்டருக்குப் போன் போட்டா எத்தனை தடவை குடுத்தீங்கன்னு கேப்பாரே, என்ன சொல்லுவேன்?”

“இரு, பதறாதே. எழுதி வெச்சிருந்தா ஒரு நிமிஷ வேலை. எழுதலையா, மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டியதுதான்.” பழைய காலத்துக் கம்ப்யூட்டர்கள் கரண்ட் போய் வந்தால் அப்படித்தான் செய்யும், முழு டிஸ்க்கையும் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

டிக்கக்கா பாயில் முழங்காலிட்டுக் குனிந்து, ஒருவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். ஆரஞ்சு வாசனை. அடுத்தவனிடம் போனார். அவனும் ஆரஞ்சு. போதாததற்கு அவன் மற்றவனுடைய கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து காட்டச் சொன்னால் இருவரும் கெட்டியாக மூடிக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் அந்த முகங்களுக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் போனது அதுதான் முதல் தடவை. இன்னும் ஒரு நிமிடம் முகர்ந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. எழுந்துகொண்டார்.

“பாட்டில் அறுபது மில்லி. ஒரு வேளைக்கு ரெண்டரை. அப்படின்னா முழு பாட்டில்ல இருபத்தி நாலு வேளை. மிச்சத்தை எண்ணிடுவோம். இருபத்தி மூணு வந்தா ஒருத்தன்தான் குடிச்சிருக்கான். இருபத்தி ரெண்டு வந்தா டாக்டருக்குப் போன்.”

வெந்நீரில் கழுவிய டம்ளர் வந்தது. சப்பணமிட்டு உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தார். முதல் வரி: ‘பாட்டிலில் மிச்ச மருந்து எத்தனை வேளை என்று எண்ணப் போகிறேன்.’ கோடு. பிறகு ‘1’ என்று எழுதி, சிரிஞ்சில் உறிஞ்சி, டம்ளரில் விட்டு, டிக். ‘2’ என்று எழுதி, உறிஞ்சி, விட்டு, டிக். நாத்தனார் பக்கத்தில் நின்று உரக்க எண்ணினாள். மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வரும் தோரணையில் எண்கள் வந்தன. ஒன்பது. பத்து. பதினொன்று.

பதினாலில் டிக்கக்காவுக்குக் கரண்ட் போய்விட்டது.

டம்ளருக்கு மேல் கை அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. நாத்தனார் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. “அண்ணி? அண்ணி! ஐயோ, என்னைப் பாருங்களேன்!” என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ ரயில்களுக்குத் தடுமாறாத குரல் உடைந்து கிடந்தது.

அரை நிமிடம் ஆகியிருக்கும். டிக்கக்கா கண்ணைச் சிமிட்டினார்.

“வந்துட்டேன்.” மடியைப் பார்த்தார். முதல் வரியைப் படித்தார். பதின்மூன்றுக்கு டிக் இருந்தது, பதினாலுக்கு இல்லை. கையைப் பார்த்தார். சிரிஞ்ச் நிரம்பியிருந்தது. டம்ளரில் விட்டார், டிக் போட்டார். ‘15’ என்று எழுதினார். “ஏன் நிறுத்திட்டே? எண்ணு.”

நாத்தனார் வாயைத் திறந்தாள்.

“எத்தனைன்னு எனக்கு மறந்துபோச்சு அண்ணி.”

“பதினஞ்சு” என்றார் டிக்கக்கா.

இருபத்து மூன்றோடு பாட்டில் வறண்டது. இன்னொரு தடவை உறிஞ்சிப் பார்த்தார்; காற்றுதான் வந்தது. இந்த எண்ணிக்கையெல்லாம் அலுத்துப்போய், காதுக்குப் பின்னால் மச்சம் உள்ளவன், அதாவது பெரியவன், வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டான். நாக்கு அடிவரை ஆரஞ்சு. சின்னவனுக்கு உதட்டோரம் மட்டும், அதுவும் அண்ணன் கையைச் சப்பிய உபயம்.

“அப்ப சின்னவனுக்குத்தான் குடுக்கணும்” என்று நாத்தனார் சிரிஞ்சை எடுத்தாள். வைத்துவிட்டாள். “மொதல்ல எழுதுங்க அண்ணி.”

எழுதினார், கோடு போட்டார். மருந்து உள்ளே போயிற்று. சின்னவன் முகத்தைச் சுளித்துப் பாதியைத் துப்பப் பார்த்து, தோற்று, விழுங்கினான். டிக்.

நாத்தனார் டிக்கக்காவின் மடியிலிருந்த நோட்டை எடுத்து, பென்சிலையும் வாங்கி, குனிந்து எழுதினாள். எழுதி முடித்து நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ரொம்ப அக்கறையாகக் கீழே கோடு போட்டிருந்தாள். ‘பெரியவனை அண்ணி மடியில் வைக்கப் போகிறேன்.’

டிக்கக்கா உடனே கை நீட்டவில்லை. முதலில் நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தலையணையை இழுத்து வைத்துக்கொண்டார். மடியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். “இந்த மாதிரி தரையில உக்காந்துதான் வாங்குவேன். நின்னுக்கிட்டுக் குடுத்தா வாங்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“திங்கக்கிழமையும் தலையணை இங்கேயே இருக்கும் அண்ணி.”

பெரியவன் மடிக்கு வந்தான். நினைத்ததைவிடக் கனமாக, காய்ச்சல் சூட்டோடு இருந்தான். வந்ததும் வராததுமாக ஸ்வெட்டர் பொத்தானைக் கவ்வினான். நாத்தனார் நோட்டையும் பென்சிலையும் நீட்டினாள்.

“டிக் போடுங்க.”

டிக்கக்கா ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் பென்சிலை வாங்கினார். அந்த வரியைப் படித்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு, “டிக் இல்லேன்னா மறுபடி செய்யணுமே” என்று ஓரத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.