தெலுங்கு பேசி வாங்கிய வீடு

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். எந்த மொழியில் போய்க் கேட்டாலும் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்பதுதான். ஊரைத் தெரிந்துகொள்ளவா கேட்கிறார்கள்? அந்த வருடம் என் மகள் பிளஸ் டூ. அவள் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு, பரீட்சை முடிகிறவரை யாரும் கிளப்பாத வீடு. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு மாடிவீட்டில் 'டு லெட்' பலகை தொங்கியது. ரோஜாத் தோட்டத்தை பிளாட் போட்டு விற்ற குடும்பம். வீட்டுக்கார அம்மா தெலுங்கில் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான், அதிலேயே கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே இருந்த கணவரிடம் "மனவாள்ளே" என்று குரல் கொடுத்தார், நம்மவர்கள்தான் என்று. என் கம்பெனி யூனிஃபார்மையும் தெலுங்கையும் பார்த்து அவராகவே எங்களைத் தன் சாதியில் சேர்த்துக்கொண்டார். கேட்காத கேள்விக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

குடிவந்த அன்று பால் காய்ச்சினோம். முதல் டம்ளரை வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சிரித்தபடி குடித்தார்.

அடுத்த மாதம் பாரூர்ப் பக்கமிருந்து என் தம்பி வந்தான். வாசலில் அவனை நிறுத்தி வீட்டுக்கார அம்மா ஊரைக் கேட்டிருக்கிறார். பிறகு, ஊருக்குள்ளா காலனியா என்று கேட்டிருக்கிறார். காலனிதான் என்று சொல்லிவிட்டு அவன்பாட்டுக்கு மேலே ஏறி வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாளே, மகன் பெங்களூரிலிருந்து வருகிறான், வீடு வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான் அசையவில்லை. காலையில் மோட்டார் போடுவது நின்றது. குழாயில் காற்றுதான் வந்தது. மகள் குடத்தோடு தெருக்கோடிக்கு ஓடிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். கீழே இறங்கிப் போய், காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் காலி செய்கிறேன் என்றேன்.

"உன் கையால பால் குடிக்க வெச்சிட்டியேம்மா" என்று அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெஷமா வெச்சேன்? பாலுதானேங்க."

கிருஷ்ணகிரிக் கோட்டையை எத்தனை பேர் பிடித்தார்கள், எத்தனை பேர் விட்டார்கள். ராயர் படை, சுல்தான் படை, வெள்ளைக்காரன் படை. அப்படி ஏதோ ஒரு படையோடுதான் தெலுங்கு பேசிக்கொண்டு இவருடைய ஆட்களும் வந்தார்கள், எங்கள் ஆட்களும் வந்தார்கள் என்பார்கள் எங்கள் வீட்டில். அவர்கள் குதிரைமேல் வந்தார்கள். நாங்கள் அந்தக் குதிரைக்குப் புல் சுமந்தோம், சேணம் தைத்தோம். ஜெயித்தவன் நிலத்தைப் பங்கு போட்டபோது சேணம் தைத்தவனுக்கு ஊருக்கு வெளியே கை காட்டினான். எல்லா ராஜாவும் மண்ணோடு மண்ணாகிவிட்டான். அவன் போட்ட பங்கு மட்டும் சாகமாட்டேன் என்கிறது. தோட்டம் பிளாட் ஆகி, பிளாட்டில் மாடி எழும்பி, நான் மாதாமாதம் வாடகை கொடுத்த பிறகும் எனக்குத் தெருக்கோடிக் குழாய்தான். த்தூ.

பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. தண்ணீருக்கு ஓடுகிற பிள்ளை எப்போது படிப்பாள்? சண்டையை விட்டுவிட்டு வேறு வீடு தேடினேன். ஞாயிற்றுக்கிழமை மகளும் கூட வந்தாள். பள்ளிக்குப் பின் தெருவில் ஒரு வீட்டின் மாடி பிடித்திருந்தது, கீழே வீட்டுக்காரர்கள். அந்த வீட்டம்மாவும் தெலுங்கில்தான் ஆரம்பித்தார், நீங்களும் தெலுங்கா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க ஆன்ட்டி, நாங்க சேலம். தெலுங்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

கோபம் வந்தாலும் தூக்கத்தில் உளறினாலும் தெலுங்கு மட்டுமே வருகிற பிள்ளை அவள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சேலத்தில் யாரையும் தெரியாததால், எந்தத் தெரு என்று துருவ அந்த அம்மாவுக்கு வழியில்லை. வீடு கிடைத்தது.

சாமான் இறக்கிய அன்று சாயங்காலம், சாப்பிட வா என்று எப்போதும்போல அவளைத் தெலுங்கில் கூப்பிட்டேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தமிழ்ல கூப்பிடும்மா. கீழ கேக்கும்."