தங்கையின் சுண்டுவிரல்

நானும் என் தங்கையும் பதினைந்து வருடம் ஒரே மேடையில் வயலின் வாசித்தோம். முதலியார்பேட்டை வீட்டு மாடியறையில் காலையில் நான்கு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் சாதகம். நேரம் வைத்தவள் நான். மூன்று வயது மூத்தவள் என்பதைத் தவிர அதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. என்னைவிட அவளுக்குக் கை நன்றாகப் பேசும். அது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

சென்னையில் ஒரு சபாவில் முதல்முறையாக வாய்ப்பு வந்த சமயத்தில்தான் அவளுக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

"எல்லாருக்கும்தான் வலிக்குது. எனக்கு வலிக்கலியா?"

"வலி இல்லக்கா. வெரல் இருக்கறதே தெரில."

"கச்சேரி வந்தாலே ஒனக்கு ஏதாவது வந்துரும்."

அந்த வாரம் இரண்டு முறை காபி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. இரண்டு முறையும் அவளையே தரையைத் துடைக்கச் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை பாய்க்கு வெளியே கிடந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவள் சுண்டுவிரல் நுனியில் குத்தினேன். நடிக்கிறாள் என்றால் கையை இழுத்துக்கொள்வாள். இழுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பொட்டளவு ரத்தம் வந்தது. ஊக்கை மடக்கிய சத்தத்தில் கண்ணைத் திறந்தவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

"இப்பவாவது நம்புறியா?"

"அஞ்சு மணிக்கு ஒக்காரணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் அவளே பஸ் ஏறி கோரிமேட்டுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். முழங்கையில் நரம்பு நசுங்குகிறது, முதலில் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு நானும் கூடப் போனேன். அக்கறையால் இல்லை. அங்கே என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது.

பிசியோதெரபி பார்த்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். வயலினைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் விரித்த பாயில் தங்கையை வாசிக்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"முழங்கை மடங்கியே இருக்கே. ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் வாசிக்கறீங்க?"

"ஏழு மணி நேரம் மேடம்."

"மரத்துப்போனதுக்கு அப்புறமுமா? யாரு வாசிக்கச் சொன்னது?"

"நானேதான் மேடம்" என்றாள் தங்கை. நான் பக்கத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் வயலினைத் தொடக் கூடாது. தூங்கும்போது முழங்கை மடங்காமல் இருக்க ஒரு பட்டை கட்ட வேண்டும். நரம்பு இறுகாமல் இருக்க, கையைப் பக்கவாட்டில் நீட்டி மணிக்கட்டை மடக்கி மடக்கி எடுக்க வேண்டும். வீட்டில் அவள் இதைச் செய்யும்போதெல்லாம், "பரதநாட்டியம் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பேன்.

ஐந்தாவது வாரம் கச்சேரி. வேண்டுமானால் வேறு தேதி தருகிறோம் என்று சபாவில் சொன்னார்கள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. "நீ வரலன்னா ரெண்டு பேருக்கும் போச்சு" என்று மட்டும் சொன்னேன். வந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் எப்படியோ ஓட்டினாள். கல்பனாஸ்வரத்தில் நான் ஒரு சுற்று, அவள் ஒரு சுற்று என்று மாறி மாறி வாசிக்க வேண்டும். அங்கேதான் விரல் தந்தியில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் நிதானமாகப் போயிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். நான் வேகத்தை ஏற்றினேன். அடுத்த சுற்றுக்குப் பதில் வரவில்லை. வில்லை மடியில் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு தாளம் போட ஆரம்பித்தாள். அவள் பங்கையும் நானே வாசித்தேன். பலமாகக் கைதட்டினார்கள். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக எனக்கு மட்டும்.

மறுநாள் காலை காரில் திரும்பி வந்தோம். காலாப்பட்டு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னுதான ஏத்துன?"

"மேடையில அதெல்லாம் யோசிக்க முடியாது."

"யோசிச்ச. என்னயப் பாத்துட்டுதான் ஏத்துன."

டிரைவரிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னேன்.

அதன் பிறகு கை வேகமாகக் கெட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிப் பள்ளமாயிற்று. கடைசியில் ஆபரேஷன் செய்தார்கள். மறுபடியும் அதே பிசியோதெரபி அறை. இரண்டாவது வாரம் அந்தப் பெண் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க இனிமே வெளிய ஒக்காருங்க. நீங்க உள்ள வந்தா அவங்க தோள் காதுகிட்ட ஏறிக்குது. நீங்க எழுந்து போனாதான் எறங்குது. நாலு தடவ பாத்துட்டேன்."

வாரத்துக்கு மூன்று நாள், எட்டு மாதம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் சிரிப்பது கேட்கும். அவளால் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கையில் பலம் முக்கால்வாசி திரும்பியது. அவள் ஒரு அலுவலக வேலை தேடிக்கொண்டு காலாப்பட்டுக்குத் தனியாகக் குடிபோனாள். பத்து நிமிடம் வாசித்துப் பத்து நிமிடம் ஓய்வு என்று தினமும் கொஞ்ச நேரம் வாசிக்கிறாளாம். மேடை ஏறுவதில்லை. நான் தனியாகக் கச்சேரி செய்கிறேன். தங்கை எங்கே என்று கேட்பவர்களிடம், "பாவம், கையில பிரச்சன" என்பேன். முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ள எனக்கு வரும்.

போன மாதம் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே வயலின் கேட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல், நாங்கள் சேர்ந்து வாசித்த எதிலும் இல்லாத ஒரு நிதானத்தோடு வாசித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் சுண்டுவிரல் சரியாக விழாமல் ஸ்வரம் இறங்கிப் பேசியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் பிரயோசனமில்லை.

கேட்டைத் திறந்தேன். உள்ளே வயலின் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"முடிச்சுட்டேன்க்கா" என்று சொல்லி, வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.